வேதபோதகரின் கடைக்கூடை



வேதபோதகர் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது சிலுவை ஏந்திய கையும் வேதசாட்சியின் இரத்தமுமே. ஆனால் தூரதேசம் சென்ற குருவுக்கும் கன்னியாஸ்திரீக்கும் அன்றாடம் வருகிற சோதனை வேறு. உப்பு எங்கே கிடைக்கும்? இந்தக் காயின் பெயர் என்ன? கடைக்காரர் சொன்ன விலை எவ்வளவு? வேதசாஸ்திரத்தில் தேர்ந்தவர் சந்தையில் சிறுபிள்ளையைப்போல் விரலை நீட்டிக் காட்டி நிற்கிறார். அற்ப விஷயந்தானே என்று தள்ளிவிடலாகாது. கொடுக்கப் போனவன் முதலில் வாங்கக் கற்கவேண்டுமா என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

வாங்குதல் என்ற நம் சொல்லுக்குப் பொருள் இரண்டு. காசு கொடுத்துப் பொருளைக் கொள்வதும் வாங்குதல். பிறர் மனமுவந்து தருவதைக் கைநீட்டிப் பெறுவதும் வாங்குதல். முதலாவதில் காசு கைமாறியதும் கணக்குத் தீர்ந்துபோகிறது. இரண்டாவதில் கணக்குத் தீர்வதில்லை, உறவு தொடங்குகிறது.

அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். சீஷர்கள் சமாரியரின் ஊருக்குள் போஜனம் வாங்கப் போகிறார்கள். சேசுநாதர் சுவாமி கிணற்றடியில் தங்கி, தண்ணீர் மொள்ள வந்த ஸ்திரீயிடம் குடிக்கக் கேட்கிறார். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் புழங்காத காலம் அது. சீஷர்கள் அந்த ஊரில் காசு கொடுத்து வாங்கினார்கள், போஜனத்தோடு திரும்பினார்கள். அந்த ஸ்திரீயோ ஊராரையே ஆண்டவரிடம் அழைத்துவந்தாள். ஜீவதண்ணீரைக் கொடுக்க வந்தவர், கிணற்றுத் தண்ணீரைக் கேட்டுத் தொடங்கினார்.

இந்தப் பாடத்தை நம் சேலம் நாடும் கண்டிருக்கிறது. தத்துவபோதகர் என்ற ராபர்ட் தெ நொபிலி சுவாமியார் இத்தாலிய பிரபு குலத்தவர். 1606-ம் ஆண்டு மதுரைக்கு வந்த அவர், 1623-ம் ஆண்டு நமது மலையடிவாரத்துச் சேலம், சேந்தமங்கலம், மோரமங்கலம் பக்கங்களுக்குப் பிரயாணமானார். மாமிசமும் மீனும் விட்டு, நாளொன்றுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் பாலுமாக வாழ்ந்தார். இது வேஷமல்லவா என்று அவருடைய சபைக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. வேஷமானால் ஆள் இல்லாத இடத்தில் கலைந்துவிடும். அவரோ 1656-ம் ஆண்டு மயிலாப்பூரில் இறக்கும்வரை, கண்பார்வை மங்கிய முதுமையிலும், எளிய உணவே கொண்டார்.

ஆயினும் உண்மையை முழுவதும் சொல்லவேண்டும். உயர்ஜாதியார் ஒப்புக்கொள்ளும் உணவையும் ஆசாரத்தையும் ஏற்றவர், எளிய ஜாதியார் வீட்டில் கைநனைக்க முடியாதவரானார். ஒரு வாசல் திறந்தபோது இன்னொன்று அடைபட்டது. இதை உணர்ந்தே 1640-ம் ஆண்டு முதல், பல்தசார் தா கோஸ்தா சுவாமியார் தொடங்கி, பண்டாரசாமிகள் என்ற குருக்கள் தாழ்த்தப்பட்டவரோடும் பழகக்கூடிய வேறொரு வாழ்க்கைமுறையைக் கைக்கொண்டார்கள். ஆகையால் வேதபோதகர் என்ன சாப்பிடுகிறார் என்பதைவிட, யார் கையால் வாங்கிச் சாப்பிடுகிறார் என்பதே பெரிய கேள்வி.

பின்னாளில் சேர்வராயன் மலைக்கும் அந்நிய நாட்டுத் துறவிகள் வந்தார்கள். 1917-ம் ஆண்டு ஏற்காட்டில் மான்ட்போர்ட் பள்ளியைத் தொடங்கியவர்கள், பிரான்சில் பிறந்த அர்ச். கபிரியேல் சபைச் சகோதரர்கள். அவர்கள் தந்த கல்வியை நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு அரிசியும் கீரையும் சுமந்துவந்த கைகளையும் நினைப்பது நியாயம்.

நம் சந்தையில் கொசுறு என்ற வழக்கம் உண்டு. காய்க்குக் காசு வாங்கிய அம்மாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சும்மா போடுகிறாள். விலைக்குள் அடங்காத அன்பு அது. ஏழையிடம் கறாராகப் பேரம்பேசி, அதற்குமேல் உரிமையோடு எடுத்துக்கொண்டால், அதன் பெயர் பறிப்பு. நியாய விலை கொடுப்பது நீதி. அவள் தருவதை நன்றியோடு பெறுவது தாழ்ச்சி. வேதபோதகருக்கு இரண்டும் வேண்டும்.

இன்று தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளே ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேதபோதகராக இருக்கிறார்கள். தான்சானியாவில் உகாலி என்ற மக்காச்சோளக் களி தட்டில் வருகிறது. கேழ்வரகுக் களி தின்ற கைக்கு அது அந்நியமல்ல. ஜெர்மனியிலோ ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கிவைக்க வேண்டும். பெரிய அங்காடியில் விலைச்சீட்டு உண்டு, கொசுறு கிடையாது. அங்கே அண்டைவீட்டார் நீட்டுகிற ரொட்டித்துண்டுதான் கொசுறு. அதைத் தட்டாமல் வாங்கவேண்டும்.

நாம் இங்கிருந்து ஊறுகாயும் பொடியும் கட்டியனுப்புகிறோம். தாயன்பு அது, குற்றமில்லை. ஆனால் அந்தப் புட்டியே நம் பிள்ளையை அவ்வூர் அடுப்பங்கரைக்குள் போகவிடாமல் மறிக்கும் சுவராகிவிடக் கூடாது. நம்முடையது என்று நாம் நினைக்கும் மிளகாயே அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. இந்த மலைக்குக் காப்பிச்செடியைக் கொண்டுவந்தவர் காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர். அது 1820-ம் ஆண்டுகளில். அந்நியரிடம் வாங்கியவை எத்தனையோ நம் சமையலில் கலந்திருக்கின்றன.

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம். வேலை தேடி ஜார்க்கண்டு, ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் நம் வேதத்தாரும் உண்டு. அவர்களுக்குப் பழந்துணி கொடுக்க நாம் தயங்குவதில்லை. அவர்கள் சுட்ட ரொட்டியை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடுகிறோமா? நம் ஊரிலேயே, நாம் ஒருபோதும் தண்ணீர் கேட்டுக் குடிக்காத தெரு ஒன்று இருக்கிறதா? கொடுக்கும்போது நாம் மேலே நிற்கிறோம். வாங்கும்போதுதான் சரிசமமாக உட்காருகிறோம்.

வருகிற ஞாயிறு திவ்விய பூசை முடிந்து திரும்பும் வழியில், அப்படிப்பட்ட ஒரு வீட்டு வாசலில் நின்று, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேளுங்கள். ஆண்டவரும் அப்படித்தான் கேட்டார்.