நேராகப் போவதும் நேராக இருப்பதும்

“தம்பி, கொஞ்சம் உள்ள வந்து பாருங்க” என்றார் டயர் கடை அண்ணன்.

வண்டி லிஃப்டில் ஏறி நின்றிருந்தது. அடியில் போய் நின்றேன். கைவிளக்கை முன்சக்கரத்தின் உட்பக்கமாகக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓடும் என்று தோன்றுகிற டயர். உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டனே இல்லை. ஓரிடத்தில் ரப்பர் முழுக்கப் போய் கம்பி மினுங்கியது.

அப்போது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “ஆனா வண்டி நேராத்தானேண்ணா போகுது?” என்பதுதான். உண்மையும் அதுவே. அவினாசி ரோட்டில் ஸ்டியரிங்கைப் பட்டும் படாமலும் பிடித்திருந்தாலும் எந்தப் பக்கமும் இழுக்காது.

அவர் சிரிக்கவில்லை. “நேரா போறது வேறங்க தம்பி. நேரா இருக்கறது வேற.”

முந்தின நாள் கோத்தகிரியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரும்பும்போது நல்ல மழை. ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் வண்டி திரும்பாமல் வழுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்குப் போனது. ஒரு நொடிதான் இருக்கும். பிறகு பிடித்துக்கொண்டது. எதிரில் பஸ் எதுவும் வரவில்லை. அம்மா கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, “மழைன்னா இப்படித்தான் போகுமா கண்ணு?” என்று கேட்டாள். “ரோடு சரியில்லம்மா” என்றேன்.

ரோடு நன்றாகத்தான் இருந்தது.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன டர்போ ஹேட்ச்பேக். வாங்கிய மாதத்திலேயே ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தினேன். முன்சக்கரங்களுக்கு நெகட்டிவ் கேம்பர் வைத்தேன், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி வண்டியைப் பார்த்து உட்பக்கம் சாய்ந்திருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கமாகச் சாயும் இல்லையா? அப்போது பாரம் தாங்கும் வெளிச்சக்கரம் தரையில் முழுதாகப் பதிய இந்தச் சாய்வு உதவும். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகச் செய்தது. 14 மாதத்தில் அங்கே போனது 4 நாள். மீதி நானூறு நாளும் சிங்காநல்லூரிலிருந்து சரவணம்பட்டி ஆபீசுக்கு, அங்கிருந்து வீட்டுக்கு.

வண்டியைத் தாழ்த்தினால் கேம்பரோடு சேர்ந்து ‘டோ’வும் மாறும். அதைத் திரும்ப அளந்து சரிசெய்ய வேண்டும் என்று ஸ்பிரிங் மாற்றிய இடத்திலேயே சொன்னார்கள். “அடுத்த வாரம் பாத்துக்கறேண்ணா” என்றேன்.

டோ என்பது என்ன? எழுந்து நின்று இரண்டு பாதங்களையும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடந்து பாருங்கள். நேராகத்தான் போவீர்கள். வலது கால் வலப்பக்கம் போகப் பார்க்கும், இடது கால் இடப்பக்கம் போகப் பார்க்கும். இரண்டு இழுப்பும் சமம் என்பதால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். செருப்பு மட்டும் ஒரு பக்கமாகத் தேயும். என் வண்டியின் முன்சக்கரங்களும் அப்படித்தான் விரிந்து நின்றிருந்தன. ஒரு சக்கரம் மட்டும் கோணியிருந்தால் ஸ்டியரிங் கோணலாக நின்று காட்டிக் கொடுத்திருக்கும். இரண்டும் ஒரே அளவுக்குக் கோணியதால் ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சக்கரம் இப்படி விரிந்திருந்தால் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பியதுமே வண்டி சட்டென்று திரும்பும். அது எனக்குப் பிடித்திருந்தது. நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

மெஷினில் ஏற்றிப் பார்த்தபோது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 3 மில்லிமீட்டர் வந்தது. ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர், கோணமாகச் சொன்னால் ஏறக்குறைய 0.14 டிகிரி. அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். டயரின் விட்டம் சுமார் 600 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபட்டாக வேண்டும். நான் ஓட்டியது 12,000 கிலோமீட்டர். ஆக 30 கிலோமீட்டர். சிங்காநல்லூரிலிருந்து ஏறக்குறைய பல்லடம் வரைக்கும் அந்த டயரைப் பக்கவாட்டிலேயே இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு மீட்டரைக்கூட நான் உணரவில்லை.

இதில்தான் என் கேள்வி இருக்கிறது. உணரவே முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும் தீங்கு, தீங்குதானா?

ஆங்கிலேயத் தத்துவவாதி டெரிக் பார்ஃபிட், 1984இல் வெளிவந்த ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் ஒரு கற்பனைச் சூழலை வைக்கிறார். ஆயிரம் பேர் வதைபடுகிறார்கள், ஆயிரம் பேர் வதைக்கிறார்கள். வதைப்பவர்களில் ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை ஒரு தடவை அழுத்துகிறார்கள். அந்த அழுத்தம் ஆயிரம் பேருடைய கருவியிலும் விசையை ஒரு துளி கூட்டும். ஒரு துளி கூடுவதை யாராலும் உணர முடியாது. ஆயிரம் பேரும் அழுத்தி முடிக்கும்போது வலி தாங்க முடியாததாகிவிடும். நான் அழுத்தியதால் யாருக்கும் எதுவும் தெரியும்படி கூடவில்லையே என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். சொல்வதும் பொய்யில்லை. ஆனாலும் அவர்கள் செய்தது தவறுதான் என்கிறார் பார்ஃபிட். ஒரு செயலைத் தனியாகப் பிடித்து, ‘இதனால் யாருக்காவது வலித்ததா’ என்று கேட்பது போதாது.

என் விஷயத்தில் ஆயிரம் பேர்கூட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாயிரம் தடவையும் நானேதான் அழுத்தியிருக்கிறேன்.

திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. அங்கே வரும் உவமை தராசுக்கோல். அந்தக் கோல் முதலில் தான் சமமாக நின்று, அதன் பிறகே தன்மேல் வைத்ததை எடை பார்க்கிறது என்று உரை சொல்கிறார்கள். அந்த ‘முதலில்’ முக்கியம் என்று இப்போது படுகிறது. இரண்டு தட்டிலும் சமமான பொய்யை வைத்தாலும் முள் நடுவில்தான் நிற்கும். அலைன்மெண்ட் மெஷினும் அப்படித்தான். லிஃப்ட் மட்டமாக இருக்கிறதா, நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா, ஜாயிண்ட் எதுவும் ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அளக்க வேண்டும். பார்க்காமல் அளந்தாலும் திரையில் பச்சை வரும். அந்தப் பச்சைக்கு அர்த்தம் இருக்காது.

வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

வீட்டுக் கடனை அடைக்க என்று எடுத்து வைத்திருந்த பணத்தைத்தான் இந்த வண்டிக்குப் போட்டேன். என் சம்பளம்தான், ஆனால் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்த பணம். அவர் ஒரு வார்த்தை சொன்னார். நான் அதைவிடப் பெரிதாக ஒன்று சொன்னேன். அதோடு பேச்சு நின்றது. 14 மாதம். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. அவர் அவர் பக்கம், நான் என் பக்கம். யார் வந்து பார்த்தாலும் அமைதியான வீடு என்றுதான் சொல்வார்கள். வீடு நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“கரண்ட் பில் கட்டியாச்சான்னு அவன்கிட்டக் கேளு.” “கட்டியாச்சுன்னு சொல்லும்மா.” பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்போம். நடுவில் அம்மா. போகிற வழியில் எங்கள் வார்த்தைகளின் முனையை மழுக்கித்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அப்பாவுக்கு எட்டு மணிக்குத் தோசை, எனக்கு ஒன்பதரைக்கு. தோசைக்கல்லை இரண்டாம் தடவை அடுப்பில் ஏற்றி இறக்கிவிட்டு அவள் சாப்பிடும்போது பத்தாகிவிடும். கோத்தகிரிக்கும் அப்பா பஸ்ஸில்தான் வந்தார். “உங்கப்பாவுக்கு பஸ்ஸுன்னா காத்தோட்டமா இருக்கும்” என்று காரில் ஏறும்போது எனக்குச் சொன்னாள். அவரிடம் வேறெதாவது சொல்லியிருப்பாள்.

தேய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தேயாத டயர் கிடையாது. தரையைப் பிடிக்கிற ரப்பர் தேயத்தான் செய்யும். பந்தயம் ஓட்டுகிறவர்கள் என்னைவிட அதிகமாகவே கேம்பர் வைப்பார்கள். உள்விளிம்பு தேயும் என்று தெரிந்தேதான் வைக்கிறார்கள். ஓட்டி முடித்ததும் குனிந்து பார்க்கிறார்கள், கணக்கு வைத்துக்கொள்கிறார்கள், நேரத்துக்கு மாற்றுகிறார்கள். அன்பிலும் இப்படித் தெரிந்து தேய்வது உண்டு. அம்மாவும் அப்படித் தேய்ந்திருக்கலாம். ஆனால் அவளிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. புது டயரில் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். 1.6க்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டக் கூடாது. நான் வாராவாரம் வண்டி கழுவுகிறவன். நின்ற இடத்திலிருந்து தெரியும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு என்று போயிருக்கிறேன். விலை என்னவோ கொடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. என் கண் போகாத இடத்தில் அதை வைத்திருந்தேன், அதுதான் நான் செய்த தப்பு.

முன்பக்கம் இரண்டு டயரும் மாற்றினேன். கேம்பரைக் குறைத்து, டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார் அண்ணன். கம்பி தெரிந்த பழைய டயரை டிக்கியில் போடச் சொன்னேன். “அது எதுக்குங்க?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, அதை வாசலில் இறக்கி வைத்து, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நேத்து ரோடு நல்லாத்தாம்மா இருந்துச்சு. இதுனாலதான் வழுக்குச்சு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.” அவள் கம்பியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். முப்பத்தோரு வருஷம் பம்ப்செட் கம்பெனியில் அசெம்ப்ளி பிரிவில் இருந்தவர். மோட்டார் ஷாஃப்டையும் பம்ப் ஷாஃப்டையும் டயல் கேஜ் வைத்து ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் அவர் வேலை. கோடு தவறினாலும் மோட்டார் ஓடும், தண்ணீரும் வரும், பேரிங்தான் போகும் என்று என் சின்ன வயதில் அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பட்டன்மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே ஒரு பக்கம் தடவினார், பிறகு மறுபக்கம். ஒரு பக்கம் வழுவழுவென்று போகும், திரும்பி வரும்போது கீறும். டோ தவறிய டயரைக் கண் இல்லாமலே அப்படிக் கண்டுபிடிக்கலாம்.

நிமிராமலே அம்மாவிடம் சொன்னார்: “டோ எவ்வளவு இருந்துச்சுன்னு அவனைக் கேளு.”

அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். “நீங்களே கேளுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.