அமுதுக்கும் அளவுண்டோ?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் எம்பெருமான் திருவீதிப் புறப்பாடு கண்டருளி ஆஸ்தானத்துக்கு எழுந்தருளிய பிறகு, கோஷ்டியில் தீர்த்தமும் திருத்துழாயும் ஸ்ரீசடாரியும் ஸாதித்துப் பிரசாத விநியோகம் நடைபெறுவது மரபு. திருவல்லிக்கேணியிலும் மயிலையிலும் அவ்வரிசையில் நின்று கை நீட்டாத ஆஸ்திகர் அரியர். ஆயினும், நெய் வழியும் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் ஏற்கும் அந்த க்ஷணத்தில், அவர்களுள் பலருக்கு இந்நாளில் ஒரு தர்மஸங்கடம் உண்டாகிறது.

கிருஹஸ்தர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். அவர் மயிலையில் வசிப்பவர். அறுபது வயதைக் கடந்தவர். பத்து ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். அடையாற்றில் பிறந்து வளர்ந்த அவருடைய மாட்டுப்பெண் சமையலறையில் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வைத்திருக்கிறாள். மாமனாருக்கு வேண்டிய அரிசியை கிராம் கணக்கில் நிறுத்து உலையில் இடுகிறாள். வீட்டிலுள்ள முதிய அத்தையோ, "சோற்றை நிறுத்துப் போடுகிற வழக்கம் இந்த வீட்டில் இருந்ததில்லையே அம்மா, அன்னலக்ஷ்மி பொறுப்பாளா?" என்று கண் கலங்குகிறாள். இருவர் சொல்லும் அன்பிலிருந்து பிறந்ததே. இவ்விருவருக்கும் இடையில் இருப்பவர் கோயிலுக்கு வந்தால், அங்கே பொங்கல் காத்திருக்கிறது. உண்டால் வைத்தியர் வார்த்தையை மீறியதாகும். மறுத்தால் பகவதபசாரமாகுமோ என்ற அச்சம். அன்னத்தை அளந்து உண்பது தகுமா? பிரசாதத்துக்கும் அளவு உண்டா? இவ்விரண்டு வினாக்களும் ஆராயத்தக்கவை.

இது ஒருவர் இருவருடைய கவலை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பாரத தேசத்தில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென்று கணக்கிட்டது. அந்நோய்க்கென்றே தனி மருத்துவமனையை டாக்டர் எம். விஸ்வநாதன் 1954-ஆம் ஆண்டிலேயே ராயபுரத்தில் நிறுவ நேர்ந்தது இந்தச் சென்னை மாநகரில்தான். ஆகவே கோஷ்டியில் கை நீட்டும் நூறு பேரில் சிலரேனும் அந்தக் கிருஹஸ்தரின் நிலையில் நிற்பவர்களே.

முதலில் அத்தையின் பக்ஷத்தைப் பார்க்க வேண்டும். அது எளிதில் தள்ளக்கூடியதன்று. தைத்திரீய உபநிஷத் அன்னத்தைப் பிரஹ்மமாகவே உபாஸிக்கச் சொல்கிறது. அதை நிந்திக்கலாகாது என்றும் விரதம் விதிக்கிறது. அப்படிப்பட்ட அன்னத்தைக் கடைச் சரக்குப்போல் தராசில் ஏற்றுவது முறையா என்பது அவளுடைய ஆக்ஷேபம். ஆயினும் அதே உபநிஷத் அன்னம் என்னும் சொல்லுக்குக் கூறும் பொருளையும் நோக்க வேண்டும். பிராணிகளால் உண்ணப்படுவதாலும், பிராணிகளைத் தான் உண்பதாலும் அது அன்னம் எனப்படுகிறது என்கிறது. முறையறிந்து ஏற்பவனை வளர்க்கும் பொருளே, முறை தவறியவனை மெல்ல மெல்ல உண்டுவிடும். நீரிழிவால் கண்ணும் காலும் சிறுநீரகமும் பழுதுபடுவதைக் கண்டவர்களுக்கு இவ்வாக்கியத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சாஸ்திரம் அளவை இகழவில்லை. எங்கும் அளவையே போற்றுகிறது. ஆசமனத்துக்கு உள்ளங்கையில் ஏந்தும் ஜலம் ஓர் உளுந்து மூழ்கும் அளவு என்று விதி. போஜனத்தின் தொடக்கத்தில் பரிசேஷணம் செய்து, பிராணன் முதலான ஐந்துக்கும் ஐந்து சிறு துளி அன்னமே ஆஹுதியாகிறது. தர்மசூத்திரங்கள் கவளங்களையே எண்ணிக் கொடுத்திருக்கின்றன: ஸந்நியாஸிக்கு 8, வானப்பிரஸ்தனுக்கு 16, கிருஹஸ்தனுக்கு 32, வளரும் பிராயத்துப் பிரஹ்மசாரிக்கு மட்டும் கணக்கில்லை. வயதும் ஆச்ரமமும் மாற மாற அளவும் மாறவேண்டும் என்பது இதன் கருத்து. அறுபது வயதில் இருபது வயதின் இலையை நாடுவதே முறை தவறியது.

ஆயுர்வேதத்தில் சரக ஸம்ஹிதையிலும் அஷ்டாங்க ஹ்ருதயத்திலும் உணவைப் பற்றிய ஓர் அத்தியாயத்துக்கு மாத்ராசிதீயம் என்றே பெயர். மாத்ரா என்றால் அளவு. அளவறிந்து உண்பதைச் சொல்லும் அத்தியாயம் அது. வயிற்றை நான்கு பாகமாகக் கருதி, இரண்டை உணவுக்கும் ஒன்றை நீருக்கும் விட்டு, மற்றொன்றை வாயுவின் ஸஞ்சாரத்துக்காகக் காலியாக வைக்கச் சொல்லும் உபதேசம் பிரஸித்தம். வேதம் ஓதுவோர்க்கும் தமிழ் இலக்கணம் கற்போர்க்கும் மாத்திரை என்பது எழுத்தின் கால அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அது பிறழ்ந்தால் மந்திரமும் பிறழும், பாட்டும் பிறழும். அச்சொல்லே இன்று வழக்கில் மருந்துக் குளிகையைக் குறிக்கிறது. உணவில் மாத்திரையைக் கைவிட்டவனுக்கு மருந்தில் மாத்திரை வந்து சேர்கிறது என்பதை மொழியே சொல்லி வைத்திருக்கிறது போலும்.

ஸ்ரீபாஷ்யகாரர் பக்தி யோகத்துக்கு அங்கங்களாகக் காட்டும் ஏழில் முதலாவது விவேகம். ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் என்னும் மூன்று தோஷங்களும் அற்ற அன்னத்தால் சரீரத்தைச் சுத்தமாக வைத்தலே அது. ஸ்வாமி வேதாந்த தேசிகன் கொள்ளத்தக்கவற்றையும் தள்ளத்தக்கவற்றையும் ஆகார நியமம் என்று தமிழிலேயே அருளிச்செய்தார். ஆஸ்திகர்களின் இல்லங்களில் எதை உண்ணலாம், யார் கையால் உண்ணலாம், எதுபட்ட அன்னம் ஆகாது என்னும் நியமங்கள் இன்றும் ஓரளவு காக்கப்படுகின்றன. எவ்வளவு உண்ணலாம் என்ற வினா மட்டும் பந்தியில் எவர் நாவிலும் எழுவதில்லை. பொருள் தூயது, இடம் தூயது, கை தூயது என்று மனம் நிறைந்து, அத்தூய அன்னத்தையே நோயாகும் வரை உண்டால், எந்தச் சரீரத்தைச் சாதனமாகக் கொண்டு கைங்கரியம் செய்ய வேண்டுமோ அந்தச் சரீரமே கைவிட்டுப் போகிறது. திருவல்லிக்கேணியில் நின்றருளும் பார்த்தஸாரதி, தேர்த்தட்டில் அருளிய கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று இருபுறமும் வரம்பு கட்டினான்.

அங்ஙனமாயின் மாட்டுப்பெண்ணின் தராசில் புதுமை ஏது? திருமடைப்பள்ளியில் ஒவ்வொரு தளிகைக்கும் இத்தனை அரிசி, இத்தனை பருப்பு, இத்தனை வெல்லம், இத்தனை நெய் என்று திட்டம் உண்டு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்னும் வாய்பாடு பாட்டிமார்களுக்கும் மனப்பாடம். அரிசிப் பானையில் கிடந்த ஆழாக்குக்கும் மேடைமீது வைத்த தராசுக்கும் காலம் ஒன்றே வேற்றுமை. நீலகிரியில் குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் மக்காரிஸன் என்னும் வைத்தியர் தொடங்கிய சிறு ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அது 2024-ல் வெளியிட்ட நெறிமுறைகள், நாள் ஒன்றுக்கு 2000 கலோரி கொள்பவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம் என்று வகுக்கின்றன. இவை சமைப்பதற்கு முந்தைய எடைகள். 100 கிராம் அரிசி வெந்து சோறாகும்போது நீரை ஏற்று இரண்டரை மடங்குக்குக் குறையாமல் எடை கூடும். இதை அறியாமல் சோற்றின் எடையை அரிசியின் எடையாக எண்ணிப் பாதி வயிற்றோடு வாடுவோரும் உளர். அரிசியின் எடையைச் சோற்றின் எடையாக எண்ணி மும்மடங்கு உண்போரும் உளர். நோயுற்றவர் தம் அளவைத் தம் வைத்தியரிடம் கேட்டறிவதே தக்கது.

ஆனால் அத்தையின் கண்ணீரில் ஓர் உண்மை இருக்கிறது. அளவு என்பது லோபத்துக்கும் கருவியாகும். அதனால், யாருக்கு யார் அளப்பது என்பதைப் பகுத்தறிய வேண்டும்.

எம்பெருமானுக்கு அளப்பது ஒருவகை. அவ்வளவு குறையலாகாத அளவு. திருவல்லிக்கேணிக் கோயிலில் உள்ள தந்திவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு, கோயில் நிலம் ஒற்றி வைக்கப்பட்டதால் பெருமாளின் திருவமுது குறைந்துபோனதையும், பின்னர் அந்நிலம் மீட்கப்பட்டு அமுதுபடி மீண்டும் நிலைநிறுத்தப்பட்டதையும் தெரிவிக்கிறது. குறைந்த அரிசி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது என்றால், அளவின் பெருமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதிதிக்கு இடுவது மற்றொரு வகை. அங்கே அளவு கேட்கலாகாது. திருமங்கையாழ்வார் குமுதவல்லி நாச்சியாரின் நிபந்தனைக்கு இசைந்து நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்குத் ததீயாராதனம் செய்தார் என்பது குருபரம்பரை வரலாறு. வந்தவர்களின் தொகைக்குக் கணக்கு இருந்தது. அவர்கள் இலையில் விழுந்த அன்னத்துக்குக் கணக்கு இருந்ததாக எவரும் சொன்னதில்லை. வறுமையால் அரை வயிறு உண்பவனிடம் சென்று மிதாஹாரத்தின் பெருமையைப் பேசுவது தர்மமன்று. அவனுக்கு அன்னம் இடுவதே தர்மம்.

தனக்கென்று அளப்பது மூன்றாவது வகை. அது மீறலாகாத அளவு. இம்மூன்றும் இடம் மாறும்போதுதான் பாபம் பிறக்கிறது. பெருமாளுக்குரியதைக் குறைத்து, அதிதியின் இலையை நிறுத்து, தன் இலையை மட்டும் அளவின்றி நிரப்புபவனிடம் தராசு இருந்தும் பயனில்லை. தான் அளந்து உண்பதையே பெருமையாகக் கொண்டு பந்தியில் அயலான் இலையைக் கண்ணால் நிறுப்பவனும் அப்படியே. அத்தையின் மனம் நோவது தராசினால் அன்று. குடும்பத் தலைவரின் இலையைப் பிறர் அளக்கும்படி ஆயிற்றே என்பதனால். அக்கிருஹஸ்தர் மாட்டுப்பெண்ணை அழைத்து, "குழந்தாய், நாளை முதல் என் அரிசியை நானே நிறுத்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் வழக்கு தீர்ந்தது. பிறர் விதித்தால் தண்டனையாகத் தோன்றும் அளவு, தானே ஏற்றால் விரதமாகிறது. ஏகாதசி உபவாஸத்தை எவரும் பட்டினி என்று சொல்வதில்லை அன்றோ?

இனிப் பிரசாதத்தைப் பற்றிய வினா. பிரசாதம் தீங்கு செய்யாது என்று நம்பி மிகுதியாக உண்பவர், பிரசாதத்தின் மஹிமை அதன் கனத்தில் இருப்பதாக எண்ணிவிடுகிறார். தீர்த்தத்தை எவரும் சொம்பு நிறையக் கேட்பதில்லை. ஒரு கரண்டியில் மனம் நிறைகிறது. திருத்துழாயில் ஓர் இதழ் போதும். பொங்கலுக்கு மட்டும் வேறு நியாயம் எங்ஙனம் பொருந்தும்? திரௌபதியின் பாத்திரத்தில் ஒட்டியிருந்த சிறு கீரைத் துணுக்கை உண்டு கண்ணன் திருப்தியடைந்தான். துர்வாஸரும் சிஷ்யர்களும் வயிறு நிறைந்தார்கள். குசேலர் கொணர்ந்த அவலில் ஒரு பிடியை அமுது செய்து, இரண்டாம் பிடியை எடுக்கையில் பிராட்டி கையைப் பற்றித் தடுத்தாள். கொடுப்பவனுக்கே ஒரு பிடி போதுமானதாக இருக்க, பெறுபவனுக்குப் போதாதோ?

ஆகவே நீரிழிவுடையவர் பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. மிகுதியாக ஏற்கவும் வேண்டியதில்லை. விநியோகம் செய்பவரிடம் சிறிதே ஸாதிக்கும்படி விண்ணப்பித்து, கண்ணில் ஒற்றி, விரல் நுனியளவு உட்கொண்டால் அனுக்கிரஹம் பூர்ணம். கூடுதலாகக் கைக்கு வந்ததை அருகில் நிற்கும் குழந்தைக்கோ வழிப்போக்கருக்கோ அளித்தால் அதுவும் கைங்கரியம். உண்மையான அபசாரம் வேறொன்றுண்டு. ஆசையால் நிறைய வாங்கி, உண்ண மாட்டாமல் மாடவீதி ஓரத்தில் தொன்னையோடு எறிந்து, அடியார்களின் காலில் மிதிபடச் செய்வதே அது. விநியோகம் செய்வோரும், சிறிது போதும் என்பவரை வற்புறுத்தாமல், அவ்வார்த்தையை பக்திக் குறைவாகவும் கருதாமல் இருக்கவேண்டும்.

ஐப்பசிச் சதயத்தில் மயிலையில் அவதரித்த பேயாழ்வாரின் சரித்திரத்தை இங்கே நினைத்தல் தகும். திருக்கோவலூரில் மழை இரவில் முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் சந்தித்தார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்பது அவ்விடத்தின் அளவு. முதலில் படுத்திருந்தவர் மற்றொருவர் வந்ததும் எழுந்து அமர்ந்தார். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றார்கள். இடைகழி ஓர் அங்குலமும் வளரவில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தைத் தாமே சுருக்கிக்கொண்டார்கள்; பிறரைச் சுருங்கச் சொல்லவில்லை. அப்படித் தம்மைச் சுருக்கி நின்ற மூவரிடையேதான் எம்பெருமான் நான்காமவனாக வந்து நெருக்கினான்.

வயிறும் ஓர் இடைகழியே. அதை முழுதும் அடைத்துப் படுத்துக்கொள்பவனிடம் வாயுவுக்கும் இடமில்லை, பிறர் பசிக்கும் இடமில்லை, பகவானுக்கும் இடமில்லை. இவ்வுத்ஸவத்தை ஸேவிக்க வந்துள்ள பக்தர்கள், கொடுக்கும் கையை விரித்தும் உண்ணும் கையைச் சுருக்கியும் ஆரோக்கியத்தோடு பல்லாண்டு கைங்கரியம் புரிந்து வாழ, திருமாமகள் கேள்வன் திருவுள்ளம் பற்றுவானாக.

சுபம்.