மூடியிருக்கிறதின் கீழே என்ன?



அமெரிக்க தேசத்தில் பிக்கப் டிரக் வைத்திருக்கிற அநேகர், சரக்கு ஏற்றுகிற பின்தொட்டியிலே கறுப்பாக, சொரசொரப்பாக ஒரு பூச்சு அடித்து வைப்பார்கள். பாலியூரித்தேன் அல்லது பாலியூரியா என்று பெயர். இரண்டு திரவங்களைக் கலந்து தெளிப்பார்கள், சீக்கிரமே இறுகிவிடும். கல் விழுந்தாலும் கம்பி உரசினாலும் தகட்டைக் காக்கும். நல்ல காரியந்தான்!

ஆனால் கவனியுங்கள். தகட்டைச் சுத்தம் பண்ணி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்பின் அடித்தால்தான் அந்தப் பூச்சு பாதுகாப்பு. துருவின்மேலே அடித்தாலோ? மேலே பளபளப்பு, உள்ளே அரிப்பு. ஓரம் கொஞ்சம் தூக்கினால் போதும், மழைத்தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பூச்சு ஒன்றே, கீழே இருக்கிறது வேறே.

பிரியமானவர்களே, மன்னிக்கப்பட்ட பாவத்தை அன்பு மூடுகிறது வேறு. அறிக்கையிடாத பாவத்தை நாமே மூடுகிறது வேறு. மனைவிக்குத் தெரியாத கடன், கூடப்பிறந்தவனோடு பல வருஷமாய்ப் பேசாத கசப்பு இவைகளின்மேல் வெள்ளை உடுப்பும் அல்லேலூயாவும் போட்டு மூடினால் துரு நின்றுவிடுமா?

சரி, அதை எடுக்கிறது எப்படி? லேசான வேலை இல்லீங்க. ஹீட் கன்னால் கொஞ்ச இடத்தைச் சூடாக்கி, இளகினதும் சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து உரிக்க வேண்டும். மிச்சத்தை வயர் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நாள்கணக்கில் ஆகும். சூடு அதிகமானால் தகட்டின் மறுபக்கத்துப் பெயிண்ட் கொப்பளிக்கும். கிளம்புகிற புகை நுரையீரலைக் கெடுக்கும். அதனால் காற்றோட்டமும் அதற்குரிய முகமூடியும் கட்டாயம். சீக்கிரம் முடியட்டும் என்று மெதிலீன் குளோரைடு கலந்த மருந்தைப் பூசினவர்களில் சிலர் அதின் ஆவியாலே செத்தே போனார்கள். ஆகவே 2019-ல் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கு விற்கிற பெயிண்ட் நீக்கிகளில் அதைத் தடை செய்தது.

மூப்பர்களே, தகப்பன்மாரே, இதை நமக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வாலிபப் பிள்ளையைத் திருத்துகிறேன் என்று எல்லாருக்கும் முன்பாக ஒரேயடியாய்ச் சூடேற்றாதிருங்கள். துருவும் போகாது, பிள்ளையும் போய்விடுவான். தனியாய்க் கூப்பிடுங்கள். கொஞ்சங் கொஞ்சமாய், பொறுமையாய்ப் பேசுங்கள்.

இன்னொரு காரியம். எல்லாப் பூச்சையும் உரிக்க வேண்டியதில்லை. நன்றாய்ப் பிடித்திருக்கிற இடத்தை விட்டுவிடலாம். தூக்கியிருக்கிற இடத்தைத் திறந்து பாருங்கள், அது போதும். சும்மா இருக்கிற பழைய காரியங்களையெல்லாம் கிளறிக் கிளறி ஆத்துமாவைப் புண்ணாக்காதிருங்கள்.

கடைசியாக, உரித்த இரும்பை வெறுமையாய் விடக்கூடாது. ஈரக்காற்று பட்டால் ஒரே ராத்திரியில்கூடத் துரு ஏறிவிடும். துடைத்துக் காயவைத்து உடனே பிரைமர் அடிக்க வேண்டும். பெருக்கி அலங்கரித்து வெறுமையாய் விட்ட வீட்டைப்பற்றி ஆண்டவர் மத்தேயு 12-ம் அதிகாரத்தில் எச்சரித்தாரே! அறிக்கையிட்டு அழுததோடு நிற்காமல், அந்த இடத்தை ஜெபத்தாலும் வசனத்தாலும் நிரப்புங்கள்.

எந்த ஓரம் தூக்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இன்று ராத்திரி படுக்குமுன் அந்த அண்ணனிடத்தில் போய்ப் பேசுங்கள். அந்தக் கடனை மனைவியிடம் சொல்லிவிடுங்கள். கர்த்தர் தாமே கிருபை செய்வாராக. ஆமென்!