பதின்மூன்றாம் வட்டம்

புதுக்கோட்டைக்கு முதல் முறையாக வருகிறவர்களுக்கு அந்த ஊர் ஓர் ஆச்சரியத்தை வைத்திருக்கிறது. நம்முடைய பழைய ஊர்களில் ஒரு விலாசம் தேடிப் புறப்பட்டால், பிள்ளையார் கோயிலில் திரும்பி, வேப்பமரத்தடியில் விசாரித்து, வெற்றிலைபாக்குக் கடையில் மறுபடியும் விசாரித்து, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம். புதுக்கோட்டையில் அந்தக் கஷ்டம் இல்லை. நடுவில் பழைய அரண்மனை. அதைச் சுற்றி நான்கு திக்கிலும் நான்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி. 'கீழ மூன்றாம் வீதி' என்று சொன்னால் போதும். திக்கும் எண்ணும் தெரிந்தவனுக்கு ஊர் தெரிந்த மாதிரிதான்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. 1807-இல் விஜயரகுநாதராயத் தொண்டைமான் சிறு பிள்ளையாகப் பட்டத்துக்கு வந்தார். அப்போது சமஸ்தானத்தை மேற்பார்த்து வந்த ரெஸிடெண்ட் பிளாக்பர்ன் துரையின் யோசனைப்படி, குறுகிய சந்துகளாக இருந்த பழைய ஊர் அந்த ராஜாவின் காலத்தில் நேர் வீதிகளாகத் திருத்திக் கட்டப்பட்டது. பிறகு 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி குளங்களைச் சீர்படுத்தினார், புதுக்குளத்தை வெட்டினார், ஊருக்கு ஒரு தலைநகரத்தின் களையைக் கொடுத்தார்.

எனக்கு இந்த எண்களின் மேல் வெகு நாளாக ஒரு பிரியம் உண்டு. நம் நாட்டில் தெருப் பெயர்கள் பெரும்பாலும் சாதிப் பெயர்களாகவே இருந்து வந்திருக்கின்றன. 'எந்தத் தெரு?' என்று கேட்பது, கௌரவமான முறையில் 'நீ யார்?' என்று கேட்பதுதான். அப்படியிருக்க, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணால் அழைக்கப்படும் வீதியில் வசிப்பது ஒரு விடுதலை அல்லவா? எண்ணுக்குக் குலம் ஏது, கோத்திரம் ஏது?

இதை ஒருமுறை அந்த ஊரிலேயே இருக்கும் ஒரு தமிழ் வாத்தியாரிடம் சொன்னேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் பல்லவன் குளத்துப் பக்கம் நடப்பார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"எண்ணுக்குச் சாதி இல்லே தம்பி, வாஸ்தவம். ஆனா எண்ணுறவன் எங்க நின்னுக்கிட்டு எண்ண ஆரம்பிக்கிறான்னு பாத்தீங்களா?"

"அரண்மனையிலிருந்துதானே, ஐயா?"

"அதைத்தான் சொல்றேன். நாலாம் வீதின்னா என்ன அர்த்தம்? ராஜாவிலேருந்து நாலாவது. அவ்வளவுதான். திருக்கோகர்ணத்துக்கு எண்ணே கிடையாது. அங்கே மலையைக் குடைஞ்சு கோயில் கட்டினபோது இந்தக் கோட்டையும் இல்லே, ராஜாவும் இல்லே. ஊருக்கே மூத்த ஊரு, ஊருக்கு வெளியே நிக்குது பாருங்க."

அவர் சொன்னது என் மனத்தில் தைத்துவிட்டது. எந்த ஊரையும் வட்டமாக, வார்டாக, பேட்டையாகப் பிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. தபால் சேர வேண்டும், குப்பை அள்ள வேண்டும், வோட்டுப் போட வேண்டும். பிரிப்பதில் தவறில்லை. ஆனால் பிரிக்கிறவன் ஒரு இடத்தில் நின்றுகொண்டுதான் பிரிக்கிறான். அவன் நிற்கிற இடத்துக்கு அருகில் இருப்பது முதல், தள்ளியிருப்பது கடைசி. நாளடைவில் இந்த 'அருகு'ம் 'தள்ளி'யும் 'உயர்வு', 'தாழ்வு' என்று அர்த்தமாகிவிடுகின்றன. கோடு எப்போது வசதியாக இருப்பதை விட்டு மதிப்பாக மாறுகிறது? நான் கேட்க விரும்பும் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் மிகப் பிரசித்தமான உதாரணம் பாரிஸ் நகரம். இன்று பாரிஸில் 20 வட்டங்கள். லூவ்ர் அரண்மனை இருக்கும் நடுப்பகுதி 1-ஆம் வட்டம். அங்கே தொடங்கி எண்கள் நத்தை ஓட்டின் சுழி போலச் சுற்றிச் சுற்றி வெளியே போகின்றன. அங்கும் ராஜாவிலிருந்துதான் எண்ணியிருக்கிறார்கள். முதல் நான்கு வட்டங்களை 2020-இல் ஒரே நிர்வாகமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் பாரிஸ்வாசிகள் தங்களை எண்ணால் சொல்லிக்கொள்வதை விடவில்லை. அங்கே 'நான் 16' என்றால் ஓர் அர்த்தம், 'நான் 19' என்றால் வேறோர் அர்த்தம்.

இந்தச் சுழி வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். 1860-க்கு முன்னால் பாரிஸில் 12 வட்டங்கள்தாம். கல்யாணம் அந்தந்த வட்டத்து மண்டபத்தில்தான் பதிவாகும். ஆகவே கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறவர்களை, 'அவர்கள் 13-ஆம் வட்டத்து மண்டபத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள்' என்று ஊரார் கேலி செய்வார்கள். இல்லாத வட்டம், இல்லாத கல்யாணம்! 1860-இல் சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்து நகரத்தை 20 வட்டங்களாகப் பிரித்தபோது, பழைய வரிசைப்படி 13 என்ற எண் பாஸ்ஸி என்ற செல்வர்கள் வாழும் பகுதிக்கு வந்து விழ இருந்தது. பெரிய மனிதர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் விலாசத்தில் அந்தக் கேலி ஒட்டிக்கொள்வதா என்று கொதித்தார்கள். வரிசை மாற்றப்பட்டது; எண்கள் சுழியாகச் சுற்றின; பாஸ்ஸிக்கு 16 கிடைத்தது. 13 எங்கே போயிற்று? பியெவ்ர் ஓடைக்கரையில் தோல் பதனிடுகிறவர்களும் சாயத் தொழிலாளிகளும் வாழ்ந்த ஏழைப் பகுதிக்குப் போயிற்று.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதைதான். ஆனால் எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. அவமானம் அழிக்கப்படவில்லை, இடம் மாற்றப்பட்டது. அதைத் தட்டிவிட முடிந்தவர்கள் தட்டிவிட்டார்கள். தட்டிவிடத் தெரியாதவர்கள், அல்லது தட்டினாலும் யார் காதிலும் விழாதவர்கள், ஏற்றுக்கொண்டார்கள்.

பாரிஸுக்கும் புதுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. புதுக்கோட்டையை 1886 முதல் ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1928-இல் காலமானது பாரிஸ் நகரத்தில்தான். 1915-இல் அவர் மோலி பிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். சட்டப்படி நடந்த கல்யாணம். ஆனால் பிரிட்டிஷ் சர்க்கார் அந்த அம்மையாரை மகாராணியாக அங்கீகரிக்க மறுத்தது. அவர்களுடைய பிள்ளைக்குப் பட்டத்து உரிமையும் இல்லையென்றது. ராஜா ஊரை விட்டு வெளியேறினார். அவர் கண்மூடிய பிறகு ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார்.

பாருங்கள், எந்த மனிதரின் அரண்மனையிலிருந்து ஓர் ஊரின் வீதிகளெல்லாம் எண்ணப்பட்டனவோ, அந்த மனிதரையே வேறு யாரோ, வேறு ஓர் இடத்தில் நின்றுகொண்டு எண்ணி, கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சட்டப்படி தாலுக்கா தாலுக்காவாக ராஜ்யம் வைத்திருந்தவருடைய கல்யாணம், சாம்ராஜ்யத்தின் கண்ணுக்கு '13-ஆம் வட்டத்து'க் கல்யாணமாகப் போயிற்று. நடுவில் இருப்பவன் என்று யாருமே நிரந்தரமாக இல்லை. இதை உணர்ந்தால் நாம் கோடு போடும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும்.

ஆனால் ராஜாவுக்குப் பாரிஸில் வீடு வாங்கப் பணம் இருந்தது. கோட்டின் விளிம்பில் நிற்கும் ஏழைக்கு என்ன இருக்கிறது?

1860-இல் பாரிஸோடு சேர்க்கப்பட்ட ஊர்களில் பெல்வில், மோன்மார்த் போன்றவை பெரும்பாலும் உழைப்பாளிகள் வாழ்ந்த இடங்கள். நகரத்துக்குள் நுழையும் சரக்குக்கெல்லாம் சுங்கம் உண்டு. எல்லைக்கு வெளியே ஒயினும் உணவும் மலிவு. அந்த மலிவை நம்பித்தான் அங்கே கடைகளும் குடிகளும் பெருகியிருந்தன. எல்லை ஒரு நாள் அவர்களைத் தாண்டிப் போய் நின்றது. யாரும் வீடு மாறவில்லை. ஆனால் எல்லோரும் சுங்கத்துக்குள் வந்துவிட்டார்கள். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன், 1789 ஜூலையில், பாஸ்டில் சிறையை உடைப்பதற்கு முன்பே அந்த நகரத்து ஜனங்கள் சுங்கச் சாவடிகளைத்தான் கொளுத்தினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு கோடு சாதாரண மனிதனின் வயிற்றில் எப்படிப் பாய்கிறது என்பது விளங்கும்.

இது எங்கோ நடந்த கதையாகவும் போய்விடவில்லை. 1912-இல் நகராட்சியான புதுக்கோட்டை, 1948 மார்ச்சில் சமஸ்தானம் இணைக்கப்பட்ட பிறகு திருச்சி மாவட்டத்து ஊராகி, 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டத்தின் தலைநகரமாகி, 2024-இல் மாநகராட்சியாயிற்று. மாநகராட்சி என்றால் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இணைப்புப் பேச்சு நடந்த நாட்களில் சேரவிருந்த ஓர் ஊரில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மண்வெட்டி.

"என்ன ஆத்தா, உங்க ஊரு டவுனாகப் போகுதாமே?" என்றேன்.

"ஊரு இருந்த எடத்துலதான் இருக்கு தம்பி. நாந்தான் டவுனுக்குப் போறேனாம். நூறு நாள் வேலை டவுனுக்காரவுகளுக்குக் கெடையாதாம்ல? வரியும் கூடுமாம். அப்போ எனக்கு டவுனுல என்ன வேலை குடுப்பாக?"

நான் பதில் சொல்லவில்லை. 2005-இல் வந்த அந்தச் சட்டம் கிராமத்துக்கான சட்டமாகவே இருந்தது. கிராமம் நகரமானால் சட்டம் எல்லையில் நின்றுவிடும். இதில் யாரையும் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. நகரம் வளர்ந்தால் தண்ணீரும் விளக்கும் சாலையும் வரும் என்று வாதிக்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்து அந்த ஊர்ப் பிள்ளைகள் நகரவாசிகளாக நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கிழவிக்குப் பத்து வருஷம் இல்லை. வருகிற திங்கட்கிழமைதான் இருக்கிறது.

பாஸ்ஸியின் செல்வர்கள் இழக்க இருந்தது ஒரு கௌரவம். அதற்காக ஒரு தலைநகரத்தின் எண்வரிசையே திரும்பிக்கொண்டது. இந்த ஆத்தா இழக்க அஞ்சியது கூலி. அதற்காக வரைபடத்தில் ஒரு கோடு அரை அங்குலம் நகருமா? நகர வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. கோடு போடுமுன் அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கலாம். கோடு போட்டபின் அவர் இழந்ததற்கு வேறு வழி செய்யலாம். பொது நன்மை என்பது ஒருவருடைய நஷ்டத்தின் மேல் எழுமானால், அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதி வைப்பதாவது நியாயம் அல்லவா?

இவ்வளவும் காகிதத்தில் போடும் கோட்டைப் பற்றி. அதற்காவது மனுக் கொடுக்க ஒரு கச்சேரி இருக்கிறது. மறியல் செய்ய ஒரு சாலை இருக்கிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத கோடு ஒன்று உண்டே, அதற்கு எங்கே போய் மனுக் கொடுப்பது? 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீரை ஏற்றிவைக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குற்றம் யாருடையது என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அதையொட்டி அங்கே போன மாவட்ட அதிகாரிகள் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், அந்த மக்கள் கோயிலுக்குள் விடப்படாமல் இருப்பதையும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். மாவட்ட ஆட்சியரே அவர்களை உள்ளே அழைத்துப் போக வேண்டியிருந்தது. அந்தக் கோயில் வாசலில் யார் கோடு கிழித்தது? எந்தத் திவானும் இல்லை, எந்தத் துரையும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நாம்தான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறோம். ஒவ்வொருவனும் தன்னை ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்றவனை இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிறான். எண்ணிக்கை முடிந்த பிறகும் மிஞ்சி நிற்கிற மனிதனுக்கு எண்ணே கொடுப்பதில்லை.

அதிகாரி போடும் கோடு அதிகாரி மாறினால் மாறும். ராஜா போட்ட வீதியில் ராஜா இல்லை. புதிய அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியரின் கச்சேரி நடக்கிறது. வாரந்தோறும் மனுக்களோடு ஜனங்கள் அங்கே ஏறிப் போகிறார்கள். அந்த வரைக்கும் காலம் நல்லதே செய்திருக்கிறது. மனத்துக்குள் இருக்கும் அரண்மனையை யார் காலி செய்வது?

சென்ற முறை புதுக்கோட்டைக்குப் போனபோது வாத்தியாரை மறுபடியும் பார்த்தேன். பழைய பேச்சை நினைவுபடுத்தி, "ஐயா, அப்போ வீதியை எங்கேயிருந்துதான் எண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மழைத் தண்ணி எங்கேயிருந்து வருது தம்பி? வெளியேயிருந்துதானே நடுவுக்கு வருது? அங்கேயிருந்து ஒரு தரம் எண்ணிப் பாருங்களேன்."

அன்று நான் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போனேன். நான்காம் வீதியிலிருந்து மூன்றாம் வீதி, இரண்டாம் வீதி, ராஜ வீதி என்று வெளியிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு நடந்தேன். அப்படி எண்ணும்போது அந்த ஆத்தாவின் ஊர் முதல் வீதிக்கும் முன்னால் வந்து நின்றது.