சாப்பிட்டாச்சுடா

அம்மா என்னிடம் பொய் சொன்னாள்.

ராத்திரி எட்டரை மணிக்கு வழக்கம்போல போன் செய்து "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "ஆச்சுடா. இட்லி, வேர்க்கடலைச் சட்னி" என்றாள். சென்னையில் என் கையிலிருந்த இன்னொரு போனில் அவளைப் பார்த்துக்கொண்டே பேசினேன். கண்ணமங்கலத்து வீட்டுக் கூடத்தில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழு மணியிலிருந்து அடுப்படிப் பக்கம் போகவே இல்லை. பின்னால் ஓட்டிப் பார்த்து அதையும் உறுதி செய்துகொண்டேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க சாப்பிட்ட? அடுப்பே பத்த வைக்கலியே!" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்லத் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள். அதாவது என்னை. அப்படி அவள் என்னைப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை. "பசிக்கலடா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கண்ணமங்கலம், வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். ஜவுளிக்கடையில் ஆரணிப் பட்டு என்று எடுத்துப் போடுகிறார்களே, அதில் சில எங்கள் பக்கத்துத் தெருக்களின் குழித்தறிகளில் நெய்தவை. எங்கள் வீட்டுத் தறி அப்பாவோடு நின்றுவிட்டது. அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. சென்னைக்கு வந்துவிடு என்றால் "உங்க பிளாட்டுல வெத்தல எச்சிலத் துப்ப எடம் இருக்குதா?" என்பாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்று வரை பதில் இல்லை.

தெருக்கோடி வீட்டில் ஒரு பித்தளை அண்டா திருடு போனது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு கேமராக்களோடு போய் இறங்கினேன். ஒன்று திண்ணையில், தெருவைப் பார்த்து. ஒன்று பின்கட்டுக் கிணற்றடியில். ஒன்று மாடிக் கதவில். நான்காவது கூடத்தில். பார்க்க மட்டுமல்ல, கேட்கவும் முடியும். தலா இரண்டு மெகாபிக்சல், நடுவே ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். ஒரு கேமரா நாளைக்கு இருபது ஜி.பி. சொச்சம் விழுங்கும். நாலும் சேர்ந்தால் பதினோரு பன்னிரண்டு நாளில் டிஸ்க் நிறைந்து, பழசை அழித்துப் புதுசை எழுத ஆரம்பித்துவிடும். பன்னிரண்டு நாளில் மறந்துவிடுகிற சாட்சி!

முதல் வாரம் ராத்திரியெல்லாம் 'அசைவு கண்டறியப்பட்டது' என்று போன் அலறியது. திருடன் இல்லை, சிலந்தி. கேமராவின் இருட்டு விளக்குக்குப் பூச்சி வருகிறது, பூச்சிக்காகச் சிலந்தி வருகிறது. நெசவாளர் தெருவில் இன்னும் விடாமல் நெய்துகொண்டிருப்பவர் அவர்தான்.

மாட்டிக் கொடுத்த பையன் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை. "மறக்காது சார்" என்றான். ஊரில் வேறு யாருக்கும்தான் மறக்காது. இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்தே 2016-ல் 'மிராய்' என்ற நச்சு நிரல், உலகம் முழுக்கக் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் அடிமைப்படுத்தியது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி நடத்திய தாக்குதலில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் படுத்துவிட்டன. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் இன்னும் கேவலம். ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் பெண்களைப் பரிசோதிக்கும் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு, டெலிகிராமில் காசுக்கு விற்கப்பட்டன. உங்கள் வீட்டில் கேமரா இருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். நான் மாற்றினேன். அந்நியர்கள் யாரும் எங்கள் கூடத்தை எட்டிப் பார்க்க முடியாது என்று நிம்மதியாக இருந்தது. சொந்த மகன் எட்டிப் பார்ப்பதற்கு என்ன பாஸ்வேர்டு?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டார்கள். அது அரசாங்கத்துக்கு, நமக்கென்ன என்று நினைத்தேன். ஆனால் 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு நம் வீட்டு வழக்கு மாதிரியே இருக்கிறது. ஒரே வீட்டில் வாழும் அண்ணன் தம்பி. ஒருவர் பாதுகாப்புக்கென்று குடியிருக்கும் பகுதிக்குள்ளேயே கேமரா மாட்டிவிட்டார். கூட வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் அப்படி மாட்டுவது அவருடைய அந்தரங்கத்தை மீறுவது என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அம்மாவிடம் நான் சம்மதம் கேட்டேனா? "இன்னாத்துக்குடா இது?" என்றாள். "உனக்காகத்தாம்மா" என்றேன். இதைச் சம்மதம் என்று எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

நான் பி.காம். ஆடிட்டிங் பேப்பரில் மனசில் தங்கிய ஒரே வழக்கு கிங்ஸ்டன் பருத்தி ஆலை வழக்கு. இங்கிலாந்து, 1896. ஆலை மேனேஜர் சரக்கிருப்பை வருஷக்கணக்கில் கூட்டிக் காட்டினார். ஆடிட்டர்கள் அவர் எழுதிக் கொடுத்ததை நம்பினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை என்று சொன்ன நீதிபதி லோப்ஸ், ஆடிட்டர் காவல் நாய், மோப்பம் பிடிக்கும் வேட்டை நாய் அல்ல என்றார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரி. அம்மாவின் ராத்திரிச் சாப்பாட்டைப் பின்னால் ஓட்டிப் பார்த்தபோது நான் இந்த இரண்டில் எந்த நாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் ஊரில் முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். சேலையாகி வரும்போது மறுபடி தராசில் வைப்பார். நடுவில் பத்துப் பதினைந்து நாள், நெய்கிறவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கமாட்டார். அதில் ஏமாற்று இல்லாமல் இல்லை. அப்பாவே ஒரு தரம் ஜரிகை எடை குறைந்து திட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் தறிக்குழி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டு யாரும் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் அப்பா தறியை விட்டே இறங்கியிருப்பார்.

இதையெல்லாம் அமெரிக்காவிலிருக்கும் நண்பனிடம் சொன்னேன். "தத்துவமெல்லாம் சரிடா. நாளைக்குப் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா என்ன பண்ணுவே?" என்றான். நியாயமான கேள்வி. தூரத்தில் இருக்கிறவனின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் பாத்ரூமில் கேமரா இல்லையே! விழுந்தால் "ஐயோ" என்கிற குரல் கேட்டு ஓடி வர வேண்டியவர்கள் எங்கள் திண்ணையில் மத்தியானம் உட்கார்ந்து தார் சுற்றும் பெண்கள்தான். கேமரா மாட்டிய பத்தாம் நாளிலிருந்து அவர்கள் வருவதில்லை. புருஷனையும் மாமியாரையும் முதலாளியையும் பற்றிப் பேசுகிற இடத்தில் ஒருத்தன் சென்னையிலிருந்து காது வைத்துக் கேட்டால் யார்தான் வருவார்கள்? அம்மா அதை என்னிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்காதான் சொன்னார்.

வீட்டுக் கேமராவை முதன்முதலில் யோசித்தது ஒரு பெண். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ். ராத்திரிகளில் வீட்டில் தனியாக இருக்க பயம், கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வருவதில்லை. கணவரோடு சேர்ந்து 1966-ல் காப்புரிமை கேட்டார், 1969-ல் கிடைத்தது. கதவில் நான்கு துவாரம், மேலும் கீழும் நகரும் கேமரா, படுக்கையறையில் டி.வி. வந்தவர் யார் என்று படுக்கையிலிருந்தே பார்த்து, பேசி, பட்டனைத் தட்டிக் கதவைத் திறக்கலாம். வீட்டுக்குள் இருக்கிற பெண் வெளியே பார்ப்பதற்காகச் செய்தது அது. நான் மாட்டியது வெளியே இருக்கிறவன் வீட்டுக்குள் இருக்கிற பெண்ணைப் பார்க்க. கருவி அதேதான், திருப்பி மாட்டிவிட்டேன்.

அந்த ஞாயிறு ஊருக்குப் போனேன். அம்மா கோபமாக இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, "உன் வீட்டு ஆல்லயும் ஒண்ணு மாட்டு. எனக்கும் ஒரு டச் போன் வாங்கிக் குடு. நீ எத்தினி மணிக்கு வர, இன்னா சாப்புடறன்னு நானும் பாக்கறேன்" என்றாள்.

சிரித்தேன். பக்கத்திலிருந்த என் மனைவி சிரிக்கவில்லை. சிகரெட்டை விட்டுவிட்டதாக 2019-லிருந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நாங்கள் சண்டையே போடுவதில்லை என்பதும் அவள் நம்பிக்கை. "நேத்து அவ்ளோ இருமினியே, டாக்டரப் பாத்தியா?" என்று கேட்டால் "பாத்தாச்சும்மா" என்பேன். இந்தக் கணக்கையெல்லாம் ஆடிட் செய்ய அம்மாவிடம் கொடுக்க நான் தயாரா?

கூடத்துக் கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். திண்ணைக் கேமராவைக் கதவைப் பார்க்கத் திருப்பி, எதிர்வீடு விழுகிற இடத்தில் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்து, ஒலியை நிறுத்தியாகிவிட்டது. அம்மா எதிரிலேயே செய்தேன். தார் சுற்றுகிறவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்வி. மூன்றாமவர் இன்னும் வரவில்லை.

நேற்று ராத்திரியும் எட்டரைக்குப் போன் செய்தேன். "சாப்பிட்டாச்சுடா" என்றாள். என்ன குழம்பு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.