கம்பைலர் படிக்காத வரி

1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் சி நிரலில், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சிக்கலான இடம் ஒன்று உண்டு. இது உங்களுக்குப் புரியும் என எதிர்பார்க்கவில்லை என்று அங்கே ஒரு கமெண்ட் இருக்கும். அதைப் பின்னாளில் விளக்கியவர் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி. படிப்பவரை மட்டம் தட்ட அல்ல, 'பரீட்சையில் இது வராது' என்கிற பொருளில்தான் அது எழுதப்பட்டது என்றார். அங்கே என்ன நடக்கிறது என்பது தங்களுக்கே சரியாகப் பிடிபடவில்லை என்றும் சொன்னார். அந்த நேர்மை பெரிது.

கமெண்டை ஒற்றை இடைவெளியாக்கிவிட்டுத்தான் கம்பைலர் மேலே போகும். ஆக, அது முழுக்க மனிதருக்கானது. எண்ணிக்கையைக் கூட்டும் வரிக்குப் பக்கத்தில் 'ஒன்று கூட்டுகிறோம்' என எழுதுவது வீண். அதை நிரலே சொல்லிவிடுகிறது. நினைவகம் ஒதுக்கும் மாலக் (malloc) கொடுத்த நினைவகத்தை இந்த ஃபங்ஷன் ஏன் விடுவிக்கவில்லை, யார் விடுவிக்க வேண்டும்? இதை நிரலை எழுதியவர்தான் கமெண்டில் சொல்ல வேண்டும். நிரலை மாற்றினால் கமெண்டையும் அப்போதே திருத்துங்கள். பழைய கமெண்டை நம்பி, விடுவித்த நினைவகத்தையே இன்னொருவர் மறுபடி விடுவிப்பார். புரோகிராம் எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் போய் விழும்.