அடுப்பும் தராசும்

போன மாசியில் பூலாம்பாடிக்கு ஒரு காரியமாகப் போயிருந்தேன். பச்சைமலையைப் பார்த்தபடி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தபோது, வடையை வைத்துத் தந்த காகிதத்தில் எண்ணெய் பரவி மறுபக்கத்து எழுத்து மேலே வந்தது. ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை அறிக்கை. பெயர், வயது, கணவர் பெயர் எல்லாம் இருந்தன. வடை தீர்வதற்குள், அந்தக் கணவருக்கே தெரியாமல் இருக்கக்கூடிய ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. படித்திருக்க வேண்டாம்தான். ஆனால் எழுத்தறிந்தவன் கண் அப்படிப் பழகிவிட்டது. முதலில் படித்துவிடும், வெட்கம் பிறகு வரும்.

கடைக்காரரை என்ன சொல்ல? அவர் கிலோக் கணக்கில் வாங்குகிறார். அவருக்கு விற்ற பழைய பேப்பர்காரர் தராசின் முள்ளைத்தான் பார்க்கிறார். கட்டுக் கட்டாக எடைக்குப் போட்டவருக்கு இடநெருக்கடி. ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு போனால் குற்றவாளியே அகப்பட மாட்டார். கடைசியில் படித்த நான் ஒருவன்தான் மிச்சம்.

சிறுவயதில் எங்கள் தெருவில் கடுதாசி படித்துக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. பொதுவாகக் கடிதங்கள் தாழ்வாரத்துக் கம்பியில் குத்தப்பட்டு வருஷக்கணக்கில் தொங்கும். சாவுச் செய்தி வந்தது மட்டும் படித்த கையோடு வாசலிலேயே கிழிபடும், வீட்டுக்குள் வரக்கூடாது. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்றை ஒரு அத்தை வைத்திருந்தார். புருஷன் மலாயாவில். நீலத்தாளை நான் படித்து முடித்ததும், “அடுப்புல போடு தம்பி” என்பார். போட்டால் போதாது. “சாம்பலையும் கிளறி வுட்ரு, எழுத்து நிக்கும்.” அது உண்மை. எரிந்த தாள் சுருண்டு கறுத்த பிறகும் வரிகள் அதன்மேல் வெளிறித் தெரியும். அந்த அத்தைக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யமும் அதையேதான் செய்தது என்று பல வருஷங்களுக்குப் பிறகு படித்தேன். காலனிகளை விட்டுப் போகும்போது சங்கடமான கோப்புகளை எரிக்க வேண்டும், சாம்பலையும் உடைத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. எரிக்காமல் லண்டனுக்கு எடுத்துப்போனவை, கென்யாவின் மாவ் மாவ் முதியவர்கள் போட்ட வழக்கினால்தான் 2011ல் வெளியே வந்தன. 1947ல் தில்லியிலும் கான்ராட் கார்ஃபீல்டின் அரசியல் இலாகா, சமஸ்தான ராஜாக்களைப் பற்றிய கோப்புகளை நாலு டன் அளவுக்கு எரித்ததாகச் சொல்வார்கள். நேரு ஆட்சேபித்தார்.

அத்தையின் விறகுக் கட்டையும் இந்த உத்தரவும் செய்தது ஒரே காரியம். ஆனால் அத்தை எரித்தது தன்னுடையதை. கென்யாவில் எரிந்ததோ அடிபட்டவனின் சாட்சியம். காகிதம் யார் கையில் இருக்கிறது என்பதல்ல, யாரைப் பற்றியது என்பதே கேள்வி என்று எனக்குப் படுகிறது. அழிக்கச் சொல்லும் உரிமை அவருக்குத்தான். கையில் வைத்திருப்பவருக்கு இருப்பது வெறும் கடமை.

இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. அந்த நாலு டன்னில் ராஜாக்கள் மட்டுமா இருந்திருப்பார்கள்? அவர்கள் அந்தப்புரங்களில் யாரும் சம்மதம் கேட்காத பெண்களும் இருந்திருப்பார்கள். தீ அவர்களுடைய மானத்தைக் காப்பாற்றியதா, நியாயத்தைக் கொன்றதா? ஒரே தாளில் இரண்டு பேர் இருந்தால் என் வாதம் முறிகிறது. ஜெர்மானியர்கள் 1991ல் ஒரு சட்டம் செய்தார்கள்: ரகசியப் போலீஸான ஸ்டாஸி தன்னைப்பற்றி எழுதிய கோப்பை ஒருவர் பார்க்கலாம், அதில் வரும் மற்றவர் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும். இதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை.

அதே ஸ்டாஸி கடைசி நாட்களில், இயந்திரங்கள் ஈடுகொடுக்காமல், கையால் கிழித்துப் போட்டது சுமார் 16,000 மூட்டை. 1995லிருந்து உட்கார்ந்து ஒட்டினார்கள். டெஹ்ரானில் 1979ல் அமெரிக்கத் தூதரகம் இயந்திரத்தில் கொடுத்து நாடாநாடாக்கிய தாள்களையும் சேர்த்துப் புத்தகமாகவே போட்டார்கள். ஆக, கிழிப்பது அழிப்பதல்ல. நம்முடைய 2023ஆம் வருஷத் தகவல் பாதுகாப்புச் சட்டம் கணினியில் இருப்பதையும் கணினிக்குப் போவதையும்தான் பேசுகிறது. காகிதமாகவே இருந்து காகிதமாகவே எடைக்குப் போவது அதன் கண்ணில் படாது. ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், பட்டா நகல் என்று எத்தனை இடங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்! ஒன்றையாவது திருப்பிக் கேட்டிருக்கிறோமா?

அந்த வடைக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பையில் எண்ணெய்க் கறை. வீட்டில் விறகடுப்பு போய்ப் பல காலமாகிறது. வாளித் தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டு, காலையில் கூழாகப் பிசைந்து தென்னை மரத்தடியில் கொட்டினேன். அந்தப் பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது. மலாயாவிலிருந்து வந்த கடுதாசிகளில் இருந்ததும்தான்.